திருட்டு நாயை வாங்குவது யார்?

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 378-ம் பிரிவைப் படித்திருக்கிறீர்களா? திருட்டு என்றால் என்ன என்று சொல்லும் பிரிவு. பிரிவு என்னவோ சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் அதன் கீழே கொடுத்திருக்கும் உதாரணங்கள் சுவாரசியமானவை. முதல் உதாரணம் அடுத்தவர் நிலத்து மரத்தை வெட்டுகிற ஆளைப் பற்றியது. இரண்டாவது, நாய்த் திருடன். ஒருவன் நாய்க்குப் பிடித்த தீனி எதையோ சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்கிறான். வாசனை பிடித்து இன்னொருவர் வீட்டு நாய் அவன் பின்னாலேயே போகிறது. அவன் கயிறு போடவில்லை, தூக்கவில்லை, தொடக்கூட இல்லை. ஆனாலும் அவன் மனசில் கள்ளம் இருந்தால், நாய் அவன் பின்னால் நடக்க ஆரம்பித்த நொடியிலேயே திருட்டு நடந்துவிட்டது என்கிறது சட்டம்.

இது 1860-ல் எழுதியது. 2024 ஜூலையில் பழைய சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோதும் 303-ம் பிரிவின் கீழ் அதே நாய், அதே சட்டைப்பை, அதே தீனி அப்படியே வந்துவிட்டன.

சட்டம் எழுதியவர்கள் இத்தனை உதாரணங்கள் இருக்க நாயைப் பிடித்தது ஏன்? என் ஊகம், அவர்கள் ஊரில் அது அன்றைய சூடான பிரச்சினை. அதைத் தோண்டப் போய் சில நாள் படித்ததில் கிடைத்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு. படிக்கப் படிக்க எனக்குப் பட்டது ஒன்றுதான். வளர்ப்புப் பிராணி எப்படித் திருடப்படுகிறது என்பது ஒரு சின்னக் கேள்வி. பிஸ்கட்டும் திறந்த கேட்டும் போதும். பெரிய கேள்வி, திருடியதற்குக் காசு கொடுப்பது யார் என்பது.

முதலில் லண்டன். பழைய ஆங்கிலேயச் சட்டத்தில் நாய் திருட்டுக் குற்றத்துக்கு உட்பட்ட பொருளே இல்லை. ஆடு, மாடு, கோழி எல்லாம் உணவு, ஆகவே சொத்து. நாய் வெறும் ஆசைக்கு வளர்ப்பது, அதனால் கணக்கில் வராது. விளைவு என்னவென்றால், நாயின் கழுத்துப்பட்டையைத் திருடினால் திருட்டு. பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு நாயை மட்டும் கொண்டுபோனால் அந்தப் பெயர் இல்லை! 1770-ல் தனிச்சட்டம் போட்டு அபராதம் விதித்தார்கள். பெரிதாகப் பலனில்லை.

19-ம் நூற்றாண்டில் அங்கே இது முழுநேரத் தொழிலாகிவிட்டது. பணக்காரர் வீட்டு ஸ்பேனியலை ஈரல் துண்டு காட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். சில நாள் கழித்து ஓர் ஆள் வந்து நிற்பான். 'அம்மா, உங்க நாய் எங்கேயோ இருக்கிறதா கேள்விப்பட்டேன், நான் வேணும்னா விசாரிச்சுச் சொல்றேன், கொஞ்சம் செலவாகும்.' அவன் திருடன் இல்லையாம், 'கண்டுபிடித்துக் கொடுப்பவன்'. நாயை வெளியே விற்றால் கிடைப்பதைவிட, அதன் மேல் உயிரையே வைத்திருக்கும் வீட்டுக்காரரிடமே திருப்பி விற்றால் அதிகம் கிடைக்கும் என்பதுதான் தொழிலின் சூட்சுமம்.

இதில் மிகவும் அறியப்பட்ட வழக்கு, கவிஞர் எலிசபெத் பாரெட்டின் நாய் ஃபிளஷ். நோயாளியாக அறைக்குள்ளேயே கிடந்த அவருக்குத் துணையாக இருந்த காக்கர் ஸ்பேனியல். மூன்று முறை திருடு போனது. மூன்றாவது முறை 1846 செப்டம்பர் தொடக்கத்தில், ராபர்ட் பிரவுனிங்கை ரகசியமாகத் திருமணம் செய்துகொள்ள பன்னிரண்டு நாட்கள்கூட இல்லாத நேரத்தில். பணம் கொடுக்கவே கூடாது, கொடுத்தால் அந்தக் கும்பல் வளரும் என்று பிரவுனிங் கடிதத்தில் வாதாடினார். கொள்ளையர்கள் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு கேட்டாலும் இதையே சொல்வீர்களா என்று எலிசபெத் திருப்பிக் கேட்டார். அதோடு விடவில்லை. வீட்டைவிட்டு அதிகம் வெளியே வராத அந்தப் பெண், பணிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டு வண்டி பிடித்து, கும்பல் தலைவன் வீட்டு வாசலுக்கே போய் நின்றார். கடைசியில் 6 கினி கொடுத்து நாய் வந்தது. மூன்று முறையும் சேர்த்து 20 கினி அழுததாக அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார்.

இதற்கு முந்தைய வருஷமே, 1845-ல், புதுச் சட்டம் வந்துவிட்டது. நாய்த் திருட்டுக்குச் சிறை. அதைவிட முக்கியம், திருட்டு நாயை மீட்டுத் தருகிறேன் என்று காசு வாங்குவதும் குற்றம். கவனியுங்கள், திருடுகிற கையை விட்டுவிட்டுக் காசு வாங்குகிற கையைப் பிடித்தார்கள். சரியான இடம்தான். ஆனால் அடுத்த ஆண்டே எலிசபெத் பணம் கொடுத்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்; பிரவுனிங் சொன்னது நியாயம், எலிசபெத் செய்தது இயல்பு. திருடன் பிழைப்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

நூற்றிருபது வருஷம் தள்ளி அமெரிக்காவுக்குப் போனால் வாங்குபவர் வேறு. அங்கே மருத்துவ ஆராய்ச்சிக் கூடங்களுக்கு நாய்களும் பூனைகளும் ஏராளமாகத் தேவைப்பட்டன. வியாபாரிகள் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. 1965 ஜூனில் பென்சில்வேனியாவில் ஒரு பண்ணைக் குடும்பத்தின் பெப்பர் என்ற டால்மேஷன் காணாமல் போனது. ஒரு வியாபாரியின் வண்டியில் அது இருந்ததாகத் தெரிந்து தேடிப் போனபோது பண்ணைக்குள்ளேயே விடவில்லை. ஜோசப் ரெஸ்னிக் என்ற நாடாளுமன்ற உறுப்பினர்வரை விஷயம் போனது. அதற்குள் பெப்பர் நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில் பேஸ்மேக்கர் பரிசோதனையில் இறந்திருந்தது.

ரெஸ்னிக் மசோதா கொண்டுவந்தார். 1965 நவம்பரில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை பெப்பரின் கதையை எழுதியது. 1966 பிப்ரவரியில் லைஃப் பத்திரிகை நாய் வியாபாரிகளின் கொட்டடிகளைப் படம்பிடித்துப் போட்டது. அந்த ஆகஸ்டிலேயே அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டுச் சட்டமானது. இன்றைக்கு அமெரிக்காவில் விலங்கு நலச் சட்டம் என்று சொல்வதற்கு இதுதான் தொடக்கம். அதன் ஆரம்பக் காரணங்களில் முக்கியமானது வளர்ப்புப் பிராணித் திருட்டு. வியாபாரிக்கு உரிமம் வேண்டும். எங்கே வாங்கினான் என்று பதிவேடு வேண்டும். வாங்கிய நாயை ஐந்து வேலை நாட்கள் வைத்திருந்த பிறகுதான் கைமாற்றலாம். அதற்குள் சொந்தக்காரர் தேடி வர ஒரு வாய்ப்பு. இதிலும் ஓட்டை இருந்தது, பல வருஷம் புகார்கள் தொடர்ந்தன. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம், இப்படி வெளியே வாங்கி விற்கும் வியாபாரிகளின் பூனைகளை 2012-லும், நாய்களை 2014-லும் தன் நிதியில் நடக்கும் ஆராய்ச்சிகளில் பயன்படுத்தக் கூடாது என்று நிறுத்தியது. வாங்குகிறவர் கையை மடக்கிக்கொண்டதும் அந்தச் சந்தையே சுருங்கிவிட்டது.

இப்போது வாங்குவது யார்? நாம்தான். கொரோனா ஊரடங்கில் பிரிட்டனில் எல்லோருக்கும் நாய்க்குட்டி வேண்டியிருந்தது, விலை எக்கச்சக்கமாக ஏறியது. 2020-ல் மட்டும் சுமார் 2,000 நாய்த் திருட்டுப் புகார்கள் போலீசுக்குப் போயின. அரசு தனிக்குழு போட்டது. அந்தக் குழுவின் கேள்வி முக்கியமானது: மொபைல் போன் திருட்டையும் நாய்த் திருட்டையும் ஒரே தராசில் வைக்கலாமா? போன் போனால் அழுவது போனின் சொந்தக்காரர் மட்டும். நாய் போனால் நாயும் கஷ்டப்படுகிறது. அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 2024-ன் செல்லப்பிராணிக் கடத்தல் சட்டம். இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் நாயையோ பூனையையோ கடத்தினால் ஐந்து ஆண்டுவரை சிறை. அதில் 'கூட்டிக்கொண்டு போவது' என்பதற்குள், தன்னோடு வரும்படி ஆசைகாட்டி அழைப்பதும் அடங்கும் என்று எழுதியிருக்கிறார்கள். நம் 378-ம் பிரிவின் சட்டைப்பைத் தீனி!

அதே சட்டத்தில் எனக்குப் பிடித்த ஓர் இடம். நாயைக் கொண்டுபோனாலும் குற்றம், பிடித்து வைத்துக்கொண்டாலும் குற்றம். பூனைக்கு கொண்டுபோவது மட்டும்தான் குற்றம், பிடித்து வைப்பது சேர்க்கப்படவில்லை. ஏனென்றால் பூனை தானாகவே நாலு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு எதிர்வீட்டு சோபாவில் தூங்கும். அதற்காக எதிர்வீட்டுக்காரரை உள்ளே தள்ள முடியாதே. பூனை வளர்த்த யாரோ ஒருவர்தான் இதை எழுதியிருக்க வேண்டும்.

நம் ஊருக்கு வருவோம். இங்கே நாய் இன்னும் பொருள்தான். சொத்து என்றால் உடனே ஒரு கேள்வி வரும்: விலை என்ன?

எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டு நாய் காணாமல் போய் ஸ்டேஷனுக்குப் போனார். தெருவிலிருந்து எடுத்து ஆறு வருஷம் வளர்த்த நாட்டு நாய். 'என்ன ரகம்? பில் இருக்கா? எவ்வளவு ரூபாய்க்கு வாங்கினீங்க?' என்று கேட்டிருக்கிறார்கள். சும்மா எடுத்து வளர்த்தது சார் என்றதும் பேனாவை மூடிவிட்டார்களாம். சி.எஸ்.ஆர். ரசீது வாங்குவதற்கே மறுநாள் ஒரு வக்கீலோடு போக வேண்டியிருந்தது. கேட்டபோது எனக்கும் கோபம்தான் வந்தது. ஆனால் சட்டத்தைப் பார்த்தால் அந்தக் கேள்வி வெறும் அலட்சியம் மட்டும் இல்லை. புதிய சட்டத்தில் திருடுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, திருடியவருக்கு அது முதல் குற்றமாக இருந்து, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவை. அந்த 5,000-க்குக் கீழான திருட்டு, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் தானாக விசாரணை தொடங்க முடியாத வகையில் போய்விட்டது. அதாவது 40,000 ரூபாய்க்கு வாங்கிய ஷிட்சூ காணாமல் போனால் எஃப்.ஐ.ஆர். போடலாம். ஆறு வருஷம் பக்கத்தில் படுத்துத் தூங்கிய நாட்டு நாய்க்கு மனு எழுதிக்கொண்டு கோர்ட் படி ஏற வேண்டும். ஒரு விஷயம் மட்டும் பரவாயில்லை. விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது பற்றிய பிரிவில் முன்பு இருந்த பத்து ரூபாய், ஐம்பது ரூபாய் மதிப்பு வரம்புகளை எடுத்துவிட்டார்கள். இப்போது 325-ம் பிரிவில் விலையே பேச்சில்லை. கொன்றால் விலை பார்க்காத சட்டம், திருடினால் மட்டும் பார்க்கிறது.

ஆகவே நாட்டு நாய் வளர்ப்பவர்களுக்குத்தான் காகிதம் அதிகம் தேவை. தடுப்பூசி அட்டை, கருத்தடை செய்த ரசீது, வெட்டினரி டாக்டர் பில்கள், வருஷா வருஷம் எடுத்த படங்கள் எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கட்டும். நாய் உங்களுடையது என்பதற்கும், உங்களுக்கு அதில் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்பதற்கும் அதுதான் சாட்சி. மாநகராட்சி உரிமம் இருந்தால் இன்னும் பலம். சென்னையில் 2025-ல் வளர்ப்பு நாய்க்கு மைக்ரோசிப்பும் உரிமமும் கட்டாயமாக்கி, இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். அபராதத்துக்குப் பயந்தே பலர் வரிசையில் நின்றார்கள். பயத்தில் எடுத்தாலும் அது நாய்க்கு நல்லதுதான்.

மைக்ரோசிப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப்பேர் அதை ஜிபிஎஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. அரிசி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குப்பி, உள்ளே சின்னக் கம்பிச்சுருளும் ஒரு சில்லும். பேட்டரி கிடையாது. தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலுக்கடியில் ஊசியால் போடுவார்கள். ஸ்கேனரைப் பக்கத்தில் கொண்டுபோனால் அந்த அலையிலிருந்தே மின்சாரம் எடுத்து 15 இலக்க எண் ஒன்றைத் திருப்பிச் சொல்லும். அவ்வளவுதான். நாய் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. உங்கள் பெயர்கூட அதில் இல்லை. அந்த எண்ணுக்கு எதிரே ஒரு பதிவேட்டில் உங்கள் பெயரும் போன் நம்பரும் இருந்தால்தான் அதற்கு அர்த்தம்.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் 53 காப்பகங்களில் எடுத்து 2009-ல் வெளியான ஆய்வு ஒன்றில், தெருவில் பிடிபட்டு வந்த நாய்களில் மொத்தமாக 21.9% சொந்தக்காரரிடம் திரும்பிப் போயின. சிப் இருந்த நாய்களில் 52.2%. பூனைக்கு வித்தியாசம் இன்னும் பயங்கரம், 1.8% எங்கே, 38.5% எங்கே. ஆனால் சிப் இருந்தும் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனவற்றில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காரணம் என்ன தெரியுமா? பதிவில் இருந்த போன் நம்பர் தவறு, அல்லது உபயோகத்தில் இல்லை. நம்பர் மாற்றினால் பேங்குக்குச் சொல்கிறோம், கேஸ் ஏஜென்சிக்குச் சொல்கிறோம். நாயின் சிப் பதிவை யார் மாற்றுகிறார்கள்? அடுத்த முறை ஊசி போடப் போகும்போது டாக்டரிடம் ஒரு தடவை ஸ்கேன் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள். எண் வருகிறதா, உங்கள் பெயரில் இருக்கிறதா, எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

அதே ஸ்கேனர் வாங்குகிறவர் பக்கம் திரும்பினால்தான் திருடனுக்கு வலிக்கும். ஆன்லைனில் 'ஊரை விட்டுப் போகிறோம், அவசரமாகத் தருகிறோம்' என்று ஒரு வளர்ந்த லேப்ரடாரை விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுக்கும் முன் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிவரச் சொல்லி ஸ்கேன் செய்யுங்கள். வர மறுத்தால் விட்டுவிடுங்கள். குட்டி என்றால் தாயோடு வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். நம் 2017-ம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி நாய் வளர்த்து விற்பவருக்குப் பதிவு வேண்டும், நாய்களுக்கு மைக்ரோசிப் வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பதிவுச் சான்றைக் காட்டு என்று கேட்டால் 'இருந்தா என்ன இல்லாட்டி என்ன சார்' என்பவர்கள்தான் அதிகம். அந்த இடத்தில் நாம் எழுந்து வந்துவிட வேண்டும். வாங்குகிற நூறு பேர் கேட்டால், கேட்டுக்கு வெளியே நிற்கும் ஆளுக்கு வேலை குறையும்.

வீட்டுப் பக்கம் செய்ய வேண்டியவை நிறையப் பேர் எழுதியாயிற்று, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மளிகைக் கடை வாசலில் கட்டிப்போட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். காரில் தனியாக விடாதீர்கள், திருட்டுக்கு முன் வெயில் கொன்றுவிடும். கழுத்துப்பட்டையில் போன் நம்பர் இருக்கட்டும், நாயின் பெயர் வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எல்லா நாயும் வாலாட்டும். பெட்டை நாய்க்கும் பூனைக்கும் கருத்தடை செய்துவிடுங்கள்; குட்டி போட்டு விற்கத் திருடுபவனுக்கு அதில் லாபம் இல்லை. பட்டையில் மாட்டும் டிராக்கர் நல்லதுதான், ஆனால் திருடன் முதலில் கழற்றி எறிவது அதைத்தான். அது ஓடிப்போன நாய்க்கு உதவும். அந்நியர் கையில் வாங்கிச் சாப்பிடாதே என்று நாயைப் பழக்குவதை நான் பெரிதாக நம்பவில்லை. அதைவிட இரண்டு தாழ்ப்பாள் போட்ட கேட்டை நம்புவேன்.

ஓடிப்போனது என்று சொன்னேன் இல்லையா, அதையும் மறக்கக் கூடாது. காணாமல் போனதெல்லாம் திருட்டு அல்ல. தீபாவளி வெடிக்குப் பயந்து ஓடிய நாயைத் திருடிவிட்டார்கள் என்று நினைத்துத் தெரு சிசிடிவியைப் பார்த்துக்கொண்டே ஒரு நாளைத் தொலைத்தால், அந்த ஒரு நாளில் அது வெகுதூரம் போயிருக்கும். பூனை அதற்கு நேரெதிர். காணாமல் போன பூனைகளைப் பற்றி 2018-ல் வந்த ஓர் ஆய்வில், கிடைத்த பூனைகளில் நாலில் மூன்று, போன இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்தன. பக்கத்து வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில், கார் ஷெட்டில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். இரவு எல்லாம் அடங்கிய பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு போய்த் தேடுங்கள். முதலில் கண்கள்தான் மின்னும்.

கடைசியாக, சன்மானம். 2021 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் பாடகி லேடி காகாவின் நாய்களை நடக்கக் கூட்டிப்போன பணியாளரைச் சுட்டுவிட்டு இரண்டு ஃபிரெஞ்ச் புல்டாக்குகளைப் பறித்துக்கொண்டு போனார்கள். அவை யாருடைய நாய் என்றே திருடர்களுக்குத் தெரியாது என்றும், அந்த ரகத்தின் விலைக்காகத்தான் குறிவைத்தார்கள் என்றும் அரசுத் தரப்பு சொன்னது. எந்தக் கேள்வியும் கேட்க மாட்டோம், 5 லட்சம் டாலர் தருகிறோம் என்று அறிவித்தார்கள். இரண்டு நாளில் ஒரு பெண் நாய்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அவரே அந்த வழக்கில் சிக்கினார். பிறகு சன்மானம் தரவில்லை என்று வழக்குப் போட்டார்! நீதிமன்றம் தள்ளிவிட்டது. சுட்டவருக்கு 21 ஆண்டு சிறை. லண்டனின் 'கண்டுபிடித்துக் கொடுப்பவன்' எங்கேயும் போய்விடவில்லை.

நம் சட்டத்திலும் இதற்கு ஒரு பிரிவு உண்டு, அதிகம் பேருக்குத் தெரியாது. திருட்டுப் பொருளை மீட்டுத் தர உதவுகிறேன் என்று காசு வாங்குபவர், குற்றவாளியைப் பிடித்துக் கொடுக்கத் தன்னால் ஆனதைச் செய்யாவிட்டால், இரண்டு ஆண்டுவரை சிறை. முன்பு 215, இப்போது 252-ம் பிரிவு. போன் வந்தால் இதை அங்கேயே சொல்லி மிரட்டாதீர்கள், நாய் கைமாறிவிடும். பேச்சைப் பதிவு செய்து, ஸ்டேஷனுக்குப் போய் அந்தப் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள்.

போஸ்டர் ஒட்டும்போது சன்மானத் தொகையைப் போட வேண்டாம், 'தக்க சன்மானம்' என்று மட்டும் இருக்கட்டும். நாயின் எல்லா அடையாளங்களையும் எழுதிவிடாதீர்கள். வலது காது உள்பக்கம் மச்சம், பின்னங்காலில் ஆறாவது நகம் என்று ஏதாவது ஒன்றை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். போஸ்டரைப் பார்த்துவிட்டு 'நாய் என்கிட்டதான் இருக்கு, முதல்ல ஐயாயிரம் ஜிபே பண்ணுங்க' என்பவர்கள் கட்டாயம் கூப்பிடுவார்கள். அந்தக் காதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் போனை வைத்துவிடுவார்கள்.